பிலேமோன் நிருபமும் எழுந்து போனவர்களும்

1833. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லிபர்ட்டி கவுண்டி. பெயரைப் பாருங்கள், 'விடுதலை வட்டம்'! சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற போதகர் கறுப்பின அடிமைகள் நிறைந்த சபையில் பிரசங்கம் செய்கிறார். அவரும் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிதான். அன்று அவர் எடுத்துக்கொண்டது பிலேமோன் நிருபம். எஜமானுக்கு உண்மையாயிருங்கள், தப்பி ஓடுவது தவறு என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்படியொரு நிருபமே பைபிளில் கிடையாது என்றார்கள் சிலர். இது சுவிசேஷமே அல்ல என்றார்கள் வேறு சிலர். எஜமானர்களைத் திருப்திப்படுத்தவே இவர் பேசுகிறார் என்றும் சொன்னார்கள். இவ்வளவையும் பதிவு செய்தவர் ஜோன்ஸேதான்.

அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை ஜார்ஜியா 1829-இல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அவர்கள் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் பிலேமோன் நிருபம் உண்மையாகவே பைபிளில் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றி அவர்கள் சொன்னது தவறு, போதகரைப் பற்றிச் சொன்னது சரி. இரண்டையும் சேர்த்தே நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 25 வசனங்கள்தான், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். சிறையிலிருக்கும் பவுல், ஒநேசிமு என்பவனை அவன் எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார். இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார். அவன் ஓடிப்போனவன் என்று நிருபம் எங்கும் நேரடியாகச் சொல்லவில்லை. அவனை விடுதலை செய் என்றும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒநேசிமு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டம் வந்தபோது, அதை ஆதரித்தவர்கள் காட்டியதும் இதே நிருபத்தைத்தான்.

நம் படிப்பு வட்டங்களில் பைபிள் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சியாகிவிடுகிறோம். விடுதலை நூல் என்பது ஒரு கட்சி, ஆண்டைகளின் நூல் என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1807-இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே வெட்டிச் சுருக்கிய பைபிள் ஒன்று அச்சானது. 1,189 அதிகாரங்களில் அதில் எஞ்சியவை 232. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறும் கதை இல்லை. அடிமையென்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடில்லை எனச் சொல்லும் கலாத்தியர் வசனமும் இல்லை. எதைக் கண்டு பயந்தார்களோ அதை வெட்டினார்கள்.

சரி. ஆனால் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனத்தை வெட்டியவர்கள் புதிதாக எழுதிச் சேர்க்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. எபேசியரைப் பவுலே எழுதவில்லை, பின்வந்த சீடர் ஒருவர் எழுதியது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அறிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் சாட்டை பிடித்தவன் யார் எழுதியது என்று விசாரித்துவிட்டு அடிக்கவில்லை.

கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி நான்சி ஆம்ப்ரோஸ், அடிமையாகப் பிறந்தவர். பேரன் அவருக்கு பைபிள் வாசித்துக்காட்டுவார். பவுலின் நிருபங்களை மட்டும் பாட்டி வாசிக்கவிடமாட்டார். எப்போதாவது அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு அனுமதி உண்டு. எஜமானின் போதகர் திரும்பத் திரும்ப அந்தக் கீழ்ப்படிதல் வசனத்தையே பிரசங்கித்ததால், விடுதலை கிடைத்து வாசிக்கவும் கற்றால் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று பாட்டி உறுதி எடுத்திருந்தார். இதுவும் ஒரு வாசிப்புதான், கூர்மையான வாசிப்பு. 1935-இல் கொழும்பில் ஒரு வழக்கறிஞர் தர்மனிடம், உங்களை அடிமையாக்கியவர்களின் மதத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். 1949-இல் வெளியான 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்ற புத்தகத்தில் தர்மன் அந்தக் கேள்வியை மறைக்காமல் முன்வைக்கிறார்.

நம் கையிலுள்ள தமிழ்ப் பைபிளையும் இப்படியே திறந்து பார்ப்போம். மூலத்தில் இருப்பது 'டூலோஸ்' என்ற கிரேக்கச் சொல், பொருள் அடிமை. சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு கலாத்தியரிலும் பிலேமோனிலும் அதை அடிமை என்றே தருகிறது. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியரிலும் கொலோசெயரிலும் அதே சொல் 'வேலைக்காரர்' ஆகிவிடுகிறது. எபேசியரையும் கொலோசெயரையும் பொறுத்தவரை ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் இதே கதைதான். மொழிபெயர்த்தவர்களுக்கு மென்மையாக்கும் எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் கோயிலில் தரையில் உட்கார்ந்து இதைக் கேட்ட பண்ணையாளுக்கு, ரோம அடிமைக்குச் சொன்ன கட்டளை தனக்கே சொன்னதாகிவிடுகிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதே எபேசியர் வசனத்தை 'அடிமைகளே' என்று தொடங்குகிறது.