பல்சீரமைப்புப் பசைகளின் பிணைப்பு வலிமைச் சோதனை

பல் வரிசையைச் சீராக்கும் கம்பிகளைத் தாங்கும் பிராக்கெட்டுகள், பற்களில் எவ்வளவு உறுதியாக ஒட்டியுள்ளன என்பதை அளக்கும் ஆய்வகச் சோதனை. 1955இல் மைக்கேல் புவோனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கும் முறையை அறிவித்தபின், பல்லில் நேரடியாக ஒட்டும் வழி திறந்தது.

சிகிச்சைக்காகப் பிடுங்கப்பட்ட மனித முன்கடைவாய்ப் பற்களே பெரும்பாலும் மாதிரிகள். கிடைக்காதபோது மாட்டுப் பற்கள். ஒட்டியபின் 37 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு நாள் வைப்பது வழக்கம். சூடான காபி, ஐஸ்கிரீம் இரண்டையும் வாய் தாங்க வேண்டுமே! அதற்காக 5, 55 டிகிரி நீரில் மாறி மாறி அமிழ்த்துவதும் உண்டு. பிறகு இயந்திரத்தின் கத்திமுனை, பிராக்கெட்டைப் பல்லின் பரப்புக்கு இணையாகத் தள்ளுகிறது. பெயர்த்த விசையை (நியூட்டன்) அடித்தளப் பரப்பால் (சதுர மில்லிமீட்டர்) வகுத்தால் கிடைப்பது வெட்டுப் பிணைப்பு வலிமை; அலகு மெகாபாஸ்கல்.

1975இல் ரெனால்ட்ஸ் முன்வைத்த 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கல் வரையிலான அளவே இன்றும் போதுமானதாக மேற்கோள் காட்டப்படுகிறது. வலிமை கூடக்கூட நல்லது என்பதல்ல. மிகையானால் கழற்றும்போது எனாமலே பெயரலாம். எனவே பல்லில் எஞ்சிய பசையையும் 0 முதல் 3 வரை மதிப்பிடுவர். 0 என்றால் பசை ஏதும் எஞ்சவில்லை, 3 என்றால் முழுதும் பல்லிலேயே தங்கிவிட்டது.

எச்சில், மெல்லும் விசை ஆகியவற்றை ஆய்வகம் முழுமையாகப் போலச்செய்ய முடியாது. ஆகவே இவ்வெண்கள் பசைகளை ஒப்பிட உதவுமே தவிர, வாயில் அவை எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லா.