தில்லிப் பால்வாடிகளில் கணித விளையாட்டு: ஒரு முடிவின் மறுவாசிப்பு

முன்பருவக் குழந்தைகளின் உள்ளுணர்வுக் கணிதத்தை வளர்ப்பதால் பள்ளிப் படிப்புக்குப் பயனில்லை என்று சொல்வோர், 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான தில்லிச் சோதனையையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆகவே நேரத்தை வீணாக்காமல் பால்வாடியிலேயே எண்களை எழுதப் பழக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 2021 ஜூலையில் தொடங்கிய ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எட்ட வேண்டிய எண்ணறிவை இலக்காக வைத்த பிறகு, இந்த வாசிப்புக்கு அவசரமும் சேர்ந்துகொண்டது. சோதனையின் தரவுகள் இதற்கு இடம்தரவில்லை.

மொய்ரா டில்லன், ஹரிணி கண்ணன், ஜோஷுவா டீன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் பிரதம் என்ற கல்வி அமைப்பின் 214 பால்வாடிகளில், சராசரி வயது 4.9 ஆன 1,540 குழந்தைகளிடம் இதை நடத்தினர். ஒரு குழு நான்கு மாதம் கணித விளையாட்டு ஆடியது: எந்தக் கூட்டத்தில் புள்ளிகள் அதிகம், எந்த வடிவம் மற்றவற்றோடு சேராதது என்பன போன்றவை. இன்னொரு குழு சமூக உணர்வு சார்ந்த விளையாட்டு ஆடியது. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வகுப்பு மட்டுமே.

கணிதக் குழுவில் வளர்ந்த உள்ளுணர்வுத் திறன், ஓராண்டு கடந்து குழந்தைகள் முதல் வகுப்புக்குப் போன பின்னும் நிலைத்திருந்தது. முன்பருவப் பயிற்சி எதுவானாலும் காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்ற வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாததற்கு இதுவே காரணம். வறிய வீட்டுச் சூழலைக் காரணம் காட்டுவதிலும் பொருளில்லை. குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை.

சிக்கல் அடுத்த முடிவில் இருக்கிறது. பயிற்சி முடிந்த உடனே, எண்சொல்லும் குறியும் சார்ந்த திறனிலும் இக்குழு முன்னேறியிருந்தது. பின்னர் பள்ளிக் கணக்கின் மொழியையும் கருத்துகளையும் கற்பதில் மட்டும் அதற்குக் கூடுதல் நன்மை கிட்டவில்லை. முதலில் கிடைத்தது, பிறகு மறைந்தது என்று இதைச் சுருக்குவது தவறு. முதலில் அளக்கப்பட்டது பால்வாடியில் குழந்தையின் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த குறியறிவு. பிறகு அளக்கப்பட்டது பள்ளி புதிதாகக் கொண்டுவந்த மொழி. இரண்டையும் ஒரே அளவுகோலாகக் கொள்ள முடியாது. தெரிந்த குறிகள் அருகில் இருந்தபோது உள்ளுணர்வு அவற்றை எட்டியது என்று கருத இடமுண்டு. இது நிறுவப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘பயனில்லை’ என்ற வாசிப்பைவிடத் தரவுக்கு நெருக்கமானது.

பள்ளி கொண்டுவரும் அந்த மொழி எளிதானதும் அன்று. தமிழில் இருபதைக் கற்ற குழந்தை இருபத்தொன்றைத் தானே அமைத்துக்கொள்ளும். இந்தியில் நூறு வரை பெரும்பாலான எண்பெயர்களைத் தனித்தனியாக மனத்தில் பதிக்க வேண்டும். தில்லியில் பல வகுப்பறைகளில் ஆங்கில எண்பெயர்களும் அதோடு சேர்கின்றன. எது பெரிது என்று கண்ணால் அறிந்த குழந்தைக்கு இந்தச் சொற்களை அந்த அறிவோடு பொருத்திக்காட்ட ஒருவர் வேண்டும். சோதனையின் விளையாட்டுகள் அதைச் செய்ய வடிவமைக்கப்பட்டவை அல்ல. முதல் வகுப்பும் குழந்தை கொண்டுவந்ததைத் தேடிப் பார்ப்பதில்லை.

கண்ணறிவுக்கும் பள்ளி மொழிக்கும் இடையே உள்ளது போன்ற இடைவெளி வேறோர் ஆய்விலும் தெரிகிறது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி 2025இல் ‘நேச்சர்’ வெளியிட்ட ஆய்விலும் ஸ்பெல்கி, டுஃப்லோ இருவரும் பங்குபெற்றனர். சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போடும் அச்சிறுவர்கள், பள்ளி வடிவில் தரப்பட்ட எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினர். சிறுவர்களும் மழலைகளும் ஒன்றல்லர் என்ற மறுப்பு எழலாம். இங்கே ஒப்பிடப்படுவது வயது அன்று, இரு அறிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. குறிகளை மட்டும் முன்கூட்டியே புகட்டினால் என்ன நேரும் என்பதை அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் திணறல் காட்டுகிறது.

2017 சோதனையில் இல்லாதது நான்காவது குழு: அதே புள்ளி அட்டைகளை வைத்து, ஒவ்வொரு ஒப்பீட்டின்போதும் எண்ணின் பெயரையும் ‘கூட’, ‘குறைய’, ‘சமம்’ என்பவற்றையும் குழந்தையே வாய்விட்டுச் சொல்லும் குழு. ‘பயனில்லை’ என்ற முடிவைச் சொல்ல விரும்புவோர் அந்தக் குழுவின் முடிவைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.