பிரிச்சு மறுபடி ஒட்டிய தலைக்கவசம்

பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் சட்டன் ஹூ தலைக்கவசத்தின் படத்தை நீங்க நிச்சயம் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, வெண்கலப் புருவம், மூக்கு, மீசை. ஆங்கிலோ-சாக்சன் காலம்னாலே அந்த முகத்தைத்தான் போடுவாங்க. ஆனா அது இரண்டாவது வெர்ஷன். முதல் வெர்ஷனும் அதே மியூசியத்தில் இருபது வருஷத்துக்கு மேல இருந்தது. இது அந்த ரெண்டு வெர்ஷன்களின் கதை.

1939-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஈடித் ப்ரெட்டி என்பவரின் நிலத்திலிருந்த மண்மேட்டை பேசில் பிரவுன் தோண்ட ஆரம்பித்தார். உள்ளே சுமார் 27 மீட்டர் நீளக் கப்பல். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரை அதில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் ரெட்வால்ட் என்பதே பலரின் கருத்து.

மரத்தால் ஆன புதையறை ஒருநாள் இடிந்து விழுந்தபோது தலைக்கவசம் 500-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. அதிலும் ஒரு நல்லது நடந்தது. அதற்குள் இரும்பு முழுக்கத் துருவேறிப் போயிருந்ததால் துண்டுகள் நசுங்காமல், தங்கள் வளைவை அப்படியே காப்பாற்றிக்கொண்டன. கெட்டது என்னன்னா, எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை, அந்த இடத்திலேயே படமும் எடுக்கவில்லை. அதன் முக்கியத்துவம் அப்போ தெரியல. உடனே உலகப்போர் வேற. கண்டெடுத்த பொருட்கள் லண்டன் சுரங்க ரயில் பாதையில் பத்திரமாகக் கிடந்தன.

போர் முடிந்ததும் வேலை ஹெர்பர்ட் மேரியனிடம் வந்தது. வயது 71. சிற்பியும் உலோக வேலை நிபுணருமான அவர் துண்டுகளை வடிவம், தடிமன், நிறம் பார்த்துப் பிரித்தார். பிளாஸ்டரில் ஒரு மனிதத் தலையைச் செய்து, அதன்மேல் துண்டுகளைப் பொருத்தி, இடைவெளிகளை பிளாஸ்டரால் நிரப்பினார். அதற்கு முன் இப்படியொரு பொருளை எடுத்து நிறுத்தியதே பெரிய சாதனை.

ஆனா கேள்விகள் வந்தன. ஸ்வீடனின் வென்டெல், வால்ஸ்கார்டே கல்லறைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த தலைக்கவசங்கள் கிடைத்திருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த ஸ்வீடிஷ் அறிஞர் சூன லிண்ட்க்விஸ்ட், சில இடங்களை மாற்ற வேண்டும் என்றார். முகத்திலும் கழுத்திலும் பாதுகாப்பே இல்லாத இடைவெளிகள் இருந்தன. போருக்குப் போட்டுட்டுப் போற கவசத்தில் அப்படி விடுவாங்களா?

1970-ல் மியூசியம் துணிந்து ஒரு முடிவெடுத்தது: பிரிச்சுடலாம். யோசிச்சுப் பாருங்க. உலகமே பார்த்துப் பழகிய பொருள், உள்ளே இருப்பதோ தொட்டா உடையும் துரு. அந்த பிளாஸ்டரிலிருந்து ஒவ்வொரு துண்டையும் பெயர்த்து எடுக்கணும். அந்தப் பொறுப்பு 26 வயது நைஜல் வில்லியம்ஸுக்கு. புரொடக்‌ஷனில் ஓடிக்கிட்டிருக்கிற பழைய கோடைத் தொட்டவங்களுக்கு அந்தப் பயம் புரியும்.

வில்லியம்ஸ் தலையை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. துண்டுகளிடமே வடிவத்தைக் கேட்டார். அழகான முன்பக்கத்தைவிட உள்பக்கம்தான் அதிகம் பேசியது. உள்ளே இருந்த தோல் உறை மக்கியதால் வந்தது என்று கருதப்படும் கறுத்த, குமிழ் குமிழான பரப்பு, கிண்ணத்தின் துண்டுகளை அடையாளம் காட்டியது. வெளியே வெள்ளீயம் பூசிய வெண்கலத் தகடுகளின் அச்சுகள் கைகொடுத்தன: ஆடும் வீரர்கள், விழுந்தவனை மிதிக்கும் குதிரைவீரன், பின்னல் கோலங்கள். ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருவதால், ஓரத்துண்டில் பாதி உருவம் தெரிந்தாலே மீதி எங்கே வரும் என்று கணக்கிடலாம்.

பதினெட்டு மாதம் ஆனது. 1971 நவம்பரில் புதிய தலைக்கவசம் காட்சிக்கு வந்தது. இப்போ கன்னமும் கழுத்தும் நெருக்கமாக மூடியிருந்தன. முகத்தை நிதானமாகப் பாருங்க: புருவங்கள் சிறகு, மூக்கு உடல், மீசை வால். மேலேறிப் பறக்கும் ஒரு விலங்கு, உச்சியிலிருந்து இறங்கிவரும் இன்னொரு விலங்கோடு மூக்கு உரசுகிறது. இன்றும் நிரப்பிய இடங்கள் வெறும் பழுப்பாகவே தெரிகின்றன. எது பழசு, எது நிரப்பியது என்று பார்ப்பவரே பிரித்துக்கொள்ளலாம்.

மேரியன் தோற்றார்னு சொல்ல மாட்டேன். அவர் ஒருமுறை நிறுத்திக் காட்டியதால்தான் எங்கே இடிக்குதுன்னு மற்றவர்களால் சொல்ல முடிந்தது. அதே வில்லியம்ஸ் 1988-ல் இன்னொரு பொருளைப் பிரிக்க உட்கார்ந்தார்: ஏற்கெனவே இரண்டு முறை ஒட்டப்பட்ட, ரோமானியக் கண்ணாடியாலான போர்ட்லண்ட் ஜாடி.