தபாற் சேவை யாருக்கு?

தபாற் கந்தோர் இனி வேண்டியதில்லை என்ற பேச்சு இன்று பல இடங்களிலும் அடிபடுகிறது. கைத்தொலைபேசியில் ஒரு நொடியிற் செய்தி போய்ச் சேரும் காலத்தில், முத்திரை ஒட்டிய கடிதத்துக்காக மூன்று நாள் காத்திருப்பானேன் என்று படித்தவர்களே வினவுகின்றனர். நட்டத்தில் நடைபெறும் திணைக்களத்தைப் பொதுப்பணத்திற் பேணுவானேன் என்று கணக்குப் பார்ப்பவர்கள் வினவுகின்றனர். வினாக்கள் நியாயமானவையே. எனினும், தபால் தேவையா என்று கேட்குமுன், அது யாருக்குத் தேவை என்று கேட்பது பொருந்தும். அதற்கு விடை காண வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

நமது பழைய இலக்கியத்திலே தூதுக்குக் குறைவில்லை. கிளியும் அன்னமும் மேகமும் தூது சென்றன. ஆனால் அவை புலவரின் கற்பனைத் தூதுகள். உண்மையில் ஓலை எடுத்து ஓடியவன் அரசனின் ஆள். அவன் சுமந்ததும் அரசனின் ஓலையே. உழவன் ஒருவன் தூரத்து ஊரிலுள்ள தன் மகளுக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், அவ்வழியாற் போகும் வணிகனையோ யாத்திரிகனையோ நம்பியிருக்க வேண்டும். செய்தித் தொடர்பு நெடுங்காலம் ஆள்வோரின் உடைமையாகவே இருந்து வந்தது.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. இங்கிலாந்தில் 1840 ஆம் ஆண்டுக்கு முன்னர் கடிதக் கட்டணம் தூரத்துக்கும் தாள்களின் தொகைக்கும் ஏற்ப உயர்ந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் செலுத்தினார். நகரத்துத் தொழிற்சாலையில் உழைத்த மகன் எழுதிய கடிதத்தைக் காசில்லாத தாய் வாசலில் நின்று பார்த்துத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதே காலத்திற் பிரபுக்களும் பாராளுமன்ற உறுப்பினரும் தம் கடிதங்களைக் கட்டணமின்றி அனுப்பும் சலுகை பெற்றிருந்தனர். இருப்பவனுக்கு இலவசம், இல்லாதவனுக்குக் கட்டணம் என்பதே அன்றைய தபால் நீதி.

இந்நிலையை மாற்றியவர் றோலண்ட் ஹில் என்பார். 1837 இல் அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரம் எளிய கணக்கொன்றை எடுத்துக் காட்டியது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டு செல்லும் செலவு ஒரு பென்னியில் 36 இல் ஒரு பங்கே. செலவில் மிகுதி கணக்கு வைப்பதிலும் வாசல்தோறும் பணம் வசூலிப்பதிலுமே போயிற்று. ஆகவே, தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம், அதையும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்துதல் என்று அவர் வாதாடினார். 1840 சனவரியில் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. மே மாதத்தில் உலகின் முதலாவது ஒட்டும் முத்திரை வெளியாயிற்று. பிரபுக்களின் இலவசச் சலுகையும் ஒழிந்தது. 1839 இல் ஏறத்தாழ 7 கோடி 60 இலட்சமாக இருந்த கடிதங்கள் மறு ஆண்டில் 16 கோடி 90 இலட்சமாயின. வணிகரின் நலனும் இச்சீர்திருத்தத்தின் பின்னால் நின்றது என்பது மெய். ஆனால் பயனடைந்தவர் வணிகர் மட்டுமல்லர். அருகிலிருப்பவன் செலுத்தும் காசு தொலைவிலிருப்பவனின் கடிதத்தையும் சுமக்கும் என்ற பொதுமைக் கொள்கை அன்று வேரூன்றியது. 1874 இல் பேர்ண் நகரில் 22 நாடுகள் கூடி அமைத்த சருவதேசத் தபால் ஒன்றியம், உலகம் முழுவதையும் ஒரே தபாற் பிரதேசமாகக் கொண்டு இக்கொள்கையை விரித்தது. இலங்கை 1877 இல் அதிற் சேர்ந்தது.

நம் நாட்டிலோ தபால் மக்களுக்காகப் பிறக்கவில்லை. 1815 இல் கண்டி வீழ்ந்தது. வென்ற நாட்டைக் கட்டியாளப் பாதை வேண்டியிருந்தது. பாதை வந்ததும் அதன் வழியே 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடலாயிற்று. பின்னர் மலைநாட்டிற் கோப்பி செழித்தபோது தபாலுஞ் செழித்தது. கப்பல்கள் அன்று காலித் துறைமுகத்துக்கே வந்தன. அவை கொணர்ந்த செய்திகளை முந்திப் பெறுவதற்காகக் கொழும்புப் பத்திரிகையொன்று 1850 முதல் காலியிலிருந்து புறாக்களைப் பறக்கவிட்டது. நம் புலவர் கற்பனையிற் செய்ததைப் பத்திரிகைக்காரர் மெய்யாகவே செய்தனர். ஆனால் அப்புறாக்கள் சுமந்தவை காதலின் துயரமல்ல. சந்தை நிலவரமும் ஐரோப்பியப் போர்ச் செய்தியுமே. 1857 இல் இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது. 1858 இல் தந்திக் கம்பி காலியையும் கொழும்பையும் இணைத்தது. புறாக்கள் ஓய்வு பெற்றன.

ஆள்வோருக்கும் தோட்டத் துரைமாருக்கும் அமைத்த பாதையிற் பொதுமக்களும் நடக்கத் தொடங்கினர் என்பதே அடுத்த கதை. 1885 இல் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி ஏற்பட்டது. பெரிய வங்கியின் படியேற அஞ்சிய ஏழை, தன் ஊர்த் தபாற் கந்தோரிற் சில்லறையைச் சேமித்தான். யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞராய் மலாயாவுக்கும் தென்னிலங்கைக்கும் சென்றபோது, அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகள் வடபகுதிக் குடும்பங்களைத் தாங்கின. 'மணியோடர் பொருளாதாரம்' என்று அறிஞர் அதற்குப் பெயரே வைத்துவிட்டனர். 1905 இற் புகையிரதம் காங்கேசன்துறையை எட்டியது. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற் சேவை 1964 டிசெம்பர்ப் புயலில் அழியும்வரை, தமிழகத்துக்கும் இலங்கைக்குமிடையே ஆட்களையும் கடிதங்களையும் சுமந்தது.

தபால் வெறுங் காகிதப் போக்குவரத்து அன்று. அரசின் கை எதுவரை நீள்கிறது என்பதற்கு அது ஓர் அளவுகோலுமாகும். 1956 இற் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபின், தமிழ்க் கிராமத்தான் தன் ஊர்க் கந்தோரிலேயே அந்நியனாய் நின்றான். 1961 இன் சத்தியாக்கிரகத்தின்போது தமிழரசுக் கட்சியினர் ஏப்ரில் 14 ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் சொந்தத் தபாற் சேவையைத் தொடக்கி முத்திரை விற்றனர். மூன்று நாட்களில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று, தலைவர்கள் கைதாயினர். ஒரு சிறு முத்திரை அரசை ஏன் அவ்வளவு கலக்கியது? முத்திரையில் இருப்பது பசை மட்டுமல்ல, ஆட்சியுரிமையுங்கூட என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். பின்னர் போர் மூண்டது. 1990 முதல் வடக்குக்கான புகையிரதம் நின்றுபோய், 2014 இலேயே மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அவ்விடைக்காலத்தில் மாதங் கடந்து வந்த கடிதத்தையும் மக்கள் தெய்வம் வந்தது போல் வரவேற்றனர். செய்தி பழையதாயிருக்கலாம், எழுதியவன் உயிரோடிருந்தான் என்பதற்கு அது சான்று.

இனி, இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தைப் பார்ப்போம். மலையகத்தின் உழைப்பால் வளர்ந்தது இத்தபாற் சேவை. மலையகத் தொழிலாளியின் வாசலுக்கு மட்டும் அது முழுமையாக வந்து சேரவில்லை. தோட்டத்து ஆள் ஒருவன் பையுடன் நகரத் தபாற் கந்தோருக்குச் சென்று கடிதங்களைக் கூட்டமாக எடுத்து வருவான். அவை தோட்டக் கந்தோரிற் பிரிபடும். பின்னர் பெரட்டுக்களத்திலோ, அயல் வீட்டார் வழியாகவோ, பள்ளிப் பிள்ளையின் கையிலோ உரியவரைத் தேடிப் போகும். லயன் அறைக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்கள் பல. பெயர், பிரிவு, தோட்டம் என்ற மூன்றே அடையாளம். ஒரே பெயருள்ளோர் ஐவர் இருந்தால், ஐவரில் ஒருவர் கையிற் கடிதம் விழும்.

நாம் மலையகப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்து நிகழ்ச்சியொன்று இன்னும் நெஞ்சை உறுத்துகிறது. நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் நன்கு தேறி, அரச பதவியொன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்து ஆறு நாட்களின் பின்னர் அவளிடம் வந்தது. உறையிலுள்ள தபால் முத்திரையைப் பார்த்தோம். நகரக் கந்தோருக்கு அது உரிய காலத்தில் வந்திருந்தது. அங்கிருந்து லயத்துக்கு இருந்த தூரம் இரண்டரை மைல். அத்தூரத்தைக் கடக்க அக்கடிதத்துக்குப் பதினொரு நாள் பிடித்தது. அவளுடைய தந்தை யாரையும் ஏசவில்லை. "எங்களுக்கு வர்ற கடுதாசி இப்படித்தாங்க சார்" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லில் ஒலித்த பழக்கப்பட்ட பொறுமையே நமக்குப் பெருந்துயராயிற்று.

1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவரின் வழித்தோன்றல் அவள். 1964 இன் ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இன்று சட்டப்படி அவர்கள் இந்நாட்டுப் பிரசைகள். ஆனால் முகவரி இல்லாத பிரசை அரைப் பிரசையே. அடையாள அட்டை, வாக்காளர் அட்டை, வேலை அழைப்பு, நீதிமன்றக் கட்டளை ஆகிய யாவும் முகவரியைத் தேடியே வருகின்றன.

இப்பொழுது டென்மார்க்கைச் சுட்டிக் காட்டுவோர் உளர். 1624 இல் தொடங்கிய அந்நாட்டுத் தபாற் சேவை 2025 டிசெம்பர் 30 ஆம் நாளுடன் கடித விநியோகத்தை நிறுத்தியது. 2000 ஆம் ஆண்டின் பின் அங்கு கடிதங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துவிட்டன. ஆனால் அங்கே பெரும்பாலான குடிமக்களுக்கும் அரசின் மடல்கள் மின்னஞ்சற் பெட்டியிலேயே சேருகின்றன. எஞ்சிய கடிதங்களைத் தனியார் கம்பனி எடுத்துச் செல்கிறது. மாற்று வழியை அமைத்த பின்னரே அவர்கள் பழைய வழியை மூடினர். நாம் மாற்று வழியைக் கட்டாமலே பழையதை இடிக்க எண்ணுகிறோம்.

நம் நாட்டில் 4,000 க்கு மேற்பட்ட தபாற் கந்தோர்களும் உப தபாற் கந்தோர்களும் உள. 2020 ஊரடங்குக் காலத்தில் அரசாங்க வைத்தியசாலைகளின் மருந்துகளை நோயாளரின் வீடுகளுக்குக் கொண்டு சென்றவர்கள் தபாற்காரரே. 2024 சனாதிபதித் தேர்தலில் 1 கோடி 71 இலட்சம் வாக்காளருக்கு அட்டைகளை விநியோகித்தவர்களும், 7 இலட்சத்துக்கு மேற்பட்ட அரச ஊழியரின் தபால் மூல வாக்குகளைக் காத்துக் கொண்டு சேர்த்தவர்களும் அவர்களே. பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு சான்றாகக் காட்டத் தக்கது. கைத்தொலைபேசியில் வந்த செய்தியை அழித்துவிட்டு, வரவேயில்லை என்று சொல்ல யாராலும் இயலும்.

குறைகளை மூடி மறைக்க வேண்டுவதில்லை. கடிதங்கள் தாமதிக்கின்றன. வேலைநிறுத்தம் வந்தாற் பைகள் குவிகின்றன. 2022 ஓகஸ்ட்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகத் தாவியது. ஏழையின் கடிதத்துக்கு அது சிறிய சுமையன்று. ஊழியரின் குறைகளையும் பொதுசனத்தின் குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் திட்டம் வேண்டும். ஆயினும், பழுதடைந்த கிணற்றைத் தூர்வாருவதே ஊருக்கு அழகு, மண்ணிட்டு மூடுவதன்று.

ஆகவே நாம் வேண்டுவன சில. ஒவ்வொரு லயன் அறைக்கும் வீட்டுக்கும் தனி முகவரி வழங்குக. தோட்டக் கந்தோரின் இடைத்தரகின்றித் தபாற்காரர் நேரே வாசலுக்குச் செல்லும் ஏற்பாடு செய்க. மூன்று மொழியிலும் கந்தோர்க் கருமங்கள் நடைபெறுக. உப தபாற் கந்தோர்களைக் கிராமத்தின் பொதுச் சேவை நிலையங்களாக்குக. இவற்றின் பின்னரும் கடிதம் எழுதுவார் எவருமில்லை என்றால், அப்பொழுது தபாலை மூடுவது பற்றிப் பேசலாம்.

நம் மாணவி அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். இம்முறை தன் முகவரிக்குப் பதிலாகப் பாடசாலையின் முகவரியைக் கொடுத்தாள். அழைப்பு மூன்றாம் நாளே வந்தது. பிறர் வாசலைக் கடன் வாங்கித்தான் ஒரு பிரசை தன் கடிதத்தைப் பெறவேண்டும் என்ற நிலை நீடிக்கும் வரை, தபால் தன் கடமையை முடித்துவிட்டது என்று நாம் சொல்வதற்கில்லை.