மரத்துல தண்ணி செதுக்க முடியுமா?

கடப்பாக்கம் போயிருக்கீங்களா? ஈசிஆர்ல மாமல்லபுரம் தாண்டி, தெற்கே இன்னும் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போகணும். 1760-ல ஆங்கிலேயர் பிடிச்சு இடிச்ச ஆலம்பரைக் கோட்டை அங்கேதான் இருக்கு. பெரும்பாலானவங்க கோட்டைச் சுவர்ல ஏறி நின்னு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. நீங்க போனா, பக்கத்துல இருக்கிற கழிமுகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க. காலைல காத்து இல்லாத நேரத்துல ஒரு வாத்து தண்ணியில நீந்தினா, அதுக்குப் பின்னாடி ரெண்டு கோடு விரிஞ்சுக்கிட்டே போகும்.

அந்த ரெண்டு கோட்டைப் பத்திதான் இன்னைக்கு எபிசோட். ஏன்னா உலகத்துல ஒரு கூட்டம் மனுஷங்க, அந்தக் கோட்டை மரத்துல செதுக்குறதுக்காக வாழ்நாளையே செலவழிக்கிறாங்க.

கதை தொடங்குறது வேட்டையில. பறவையை ஏமாத்தி இறக்க, தண்ணியில ஒரு பொம்மைப் பறவையை மிதக்க விடுறது ரொம்பப் பழைய தந்திரம். அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல லவ்லாக் குகைன்னு ஒண்ணு. 1924-ல அங்கே கோரைப்புல்லால செஞ்ச 11 பொம்மை வாத்துகள் கிடைச்சுது. வயசு சுமார் 2000 வருஷம். நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. மத்த விலங்குகளை வரவழைக்கப் பழக்கி வச்ச மானுக்கும் பறவைக்கும் தமிழ்ல தனிச் சொல்லே உண்டு: ‘பார்வை’. சங்க இலக்கியத்துலயே அந்தச் சொல் வருது. ஆனா நம்ம ‘பார்வை’ உயிருள்ள விலங்கு. அவங்களோடது பொம்மை.

19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில வாத்து வேட்டை ஒரு தொழிலாவே மாறிடுச்சு. நகரத்து ஓட்டல்களுக்கு மூட்டை மூட்டையா வாத்து போகும். அதுக்காகக் கரையோர ஊர்கள்ல மர வாத்து செதுக்கிக் குவிச்சாங்க. 1918-ல வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் வந்தது. விற்பனைக்காகச் சுடுறது நின்னுபோச்சு. அப்போ செதுக்கத் தெரிஞ்ச கைகள் என்ன செய்யும்? மேரிலாந்துல கிரிஸ்ஃபீல்டுன்னு ஒரு கடலோர ஊர். அங்கே லெம் வார்டு, ஸ்டீவ் வார்டுன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் முடிதிருத்தும் கடை வச்சிருந்தாங்க. வேட்டைக்காரங்களுக்காக வாத்து செதுக்கிக்கிட்டு இருந்தவங்க, கொஞ்சம் கொஞ்சமா அலமாரியில வைக்கிற வாத்து செதுக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அவங்க பேர்லயே உலகப் போட்டி நடக்குது.

இங்கேதான் சிக்கல். வேட்டைக்குப் போற மர வாத்துக்குக் கீழே நிஜத் தண்ணி இருக்கு. அலமாரி வாத்துக்குக் கீழே என்ன இருக்கு? பலகைதான். அப்போ தண்ணியையும் செதுக்கியாகணும்.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. இறகுக்கு ஒரு வடிவம் இருக்கு, அலகுக்கு இருக்கு. தண்ணிக்குச் சொந்தமா வடிவமே கிடையாது. பக்கத்துல இருக்கிறது அதை என்ன செய்யுதோ அதுதான் வடிவம். அதனால முதல் வேலை, வாத்து சும்மா மிதக்குதா, நீந்துதா, இப்பதான் இறங்குதான்னு முடிவு பண்றது. மிதந்தா, நெஞ்சைச் சுத்தி மெல்லிசான வட்டங்கள். நீந்தினா, நெஞ்சுக்கு முன்னாடி தண்ணி சின்னதா மேடு கட்டும், பின்னாடி ரெண்டு கோடு விரியும். அந்தக் கோடுகளுக்கு நடுவுல எவ்வளவு கோணம்? 1887-ல கெல்வின் பிரபு கணக்குப் போட்டுச் சொன்னார்: ஆழமான தண்ணியில சுமார் 39 டிகிரி. கப்பலா இருந்தாலும் வாத்தா இருந்தாலும் அதே கோணம்தான்.

இன்னொண்ணு, அலையோட முகடு குறுகலா, பள்ளம் அகலமா இருக்கணும். புதுசா செதுக்குறவங்க ரெண்டையும் ஒரே அளவுல வச்சுடுவாங்க. பார்த்தா தகரக் கூரை மேல வாத்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்! அப்புறம் வண்ணம். தண்ணிக்கு நீலம் அடிச்சா கெட்டுது. வாத்தோட நிழலும் வானத்தோட வெளிச்சமும்தான் அதுக்கு நிறம். கடைசியா, மரத்தோட நார் தெரியாம இழைச்சு, மேல பளபளன்னு பல பூச்சு.

சரி, நம்ம ஊர்ச் சிற்பிகள் இதை எப்படிச் சமாளிச்சாங்க? கோயில் அன்ன வாகனத்தைப் பாருங்க. மரத்துல செஞ்ச நீர்ப்பறவைதான். ஆனா அது நிக்கிறது பீடத்து மேல. கீழே ஒரு அலைகூட இருக்காது. சாமி தண்ணிக்குப் போகணும்னா? தெப்பம் கட்டி, நிஜக் குளத்துல விட்டுடுவோம். தைப்பூசத்துக்கு மயிலாப்பூர்ல மூணு நாள் நடக்குதே, அதுதான்.

கல்லுலயும் இதே புத்தி. மத்தியப் பிரதேசத்துல உதயகிரிக் குகையில, குப்தர் காலத்துல, வராகம் கடல்லேருந்து எழும்புற சிற்பம் இருக்கு. அங்கே கடலை வரிவரியா அலைக்கோடு போட்டுக் காட்டியிருக்காங்க. அதுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, 7-ஆம் நூற்றாண்டுல, மாமல்லபுரத்துப் பெரும்பாறைக்கு வாங்க. அர்ஜுனன் தபசுன்னும் சொல்றாங்க, கங்கை இறங்கின கதைன்னும் சொல்றாங்க. அந்தச் சண்டை இன்னும் முடியலை. பாறை நடுவுல ஒரு வெடிப்பு. பல்லவச் சிற்பி அதுல அலை எதுவும் வெட்டலை. மேல்நோக்கி நீந்துற நாகங்களை வச்சார், கரையில தண்ணிக்குடம் சுமக்கிற ஆளை வச்சார், பக்கத்துல யானைகளை நிறுத்தினார். பாறை உச்சியில தொட்டி இருந்ததுக்கு அடையாளம் இருக்கு, அங்கேயிருந்து நிஜத் தண்ணியே விட்டிருப்பாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. என்னைக் கேட்டா, தண்ணியைச் செதுக்குறதுல இதைவிடத் தைரியமான முடிவு வேற கிடையாது. செதுக்காமலே விட்டுட்டார்!

ஆனா ஒண்ணு இருக்கு. நிஜத் தண்ணியை நம்பிச் செய்யுற சிற்பத்துக்கு, தண்ணி வந்துக்கிட்டே இருக்கணும். இன்னைக்கு அந்த வெடிப்பு காய்ஞ்சு கிடக்கு. விஷயம் தெரியாதவங்களுக்கு அது வெறும் விரிசல்.

இதே செங்கல்பட்டுச் சீமையில வேடந்தாங்கல் இருக்கு. அந்த ஏரிக்கு வர்ற பறவைகளோட எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். துப்பாக்கியோட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பத்தி அவங்க முறையிட்டதாவும், 1798 வாக்குல கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாதுன்னு கவுல் எழுதிக் கொடுத்ததாவும் சொல்வாங்க. 1858-ல அது புதுப்பிக்கப்பட்டுது. மேரிலாந்துல பறவையையும் தண்ணியையும் பிரிச்சு அலமாரிக்குக் கொண்டு போனாங்க. இங்கே ரெண்டையும் பிரிக்காமலே வச்சிருந்தாங்க, விவசாயத்துக்காக.

2020-ல, வேடந்தாங்கல் சரணாலய எல்லையை 5 கிலோமீட்டர்லேருந்து 3 கிலோமீட்டரா சுருக்குற யோசனை வந்தது. எதிர்ப்பு பலமா கிளம்பினது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022-ல ராம்சர் பட்டியல்ல அந்த ஏரி சேர்ந்தது. ஏரி மொத்தமே சுமார் 74 ஏக்கர்தான்.

சீசன் நவம்பர்ல ஆரம்பிக்கும். போனா காலைல சீக்கிரம் போங்க, வெயில் ஏறினா தண்ணி மேல எதுவும் தெரியாது. ஒரு வாத்து நீந்துறப்போ பின்னாடி அந்தக் கோணத்தைப் பாருங்க. 39 டிகிரி வருதான்னு எனக்கு எழுதுங்க.