சினேகா (தற்கொலைத் தடுப்பு அமைப்பு)

சினேகா என்பது சென்னை, ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் ஒரு தற்கொலைத் தடுப்புத் தன்னார்வ அமைப்பு ஆகும். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதனை 1986 இல் நிறுவினார். இலண்டனில் 1953 இல் தோன்றிய சமாரிட்டன்ஸ் அமைப்பினைப் போன்று, துயருற்றோருக்குத் தோழமை அளிப்பதே இதன் பணி.

தன்னார்வலர்கள்

பயிற்சி பெற்ற பொதுமக்கள் ஊதியமின்றித் தொலைபேசியிலும் (044-24640050) நேரிலும் செவிசாய்க்கின்றனர். இவர்கள் மருத்துவர்களாக இருக்க வேண்டியதில்லை. அறிவுரை கூறுவதோ குறை காண்பதோ இல்லை. பேசியவை இரகசியமாகக் காக்கப்படும்.

ஆழிப்பேரலையும் குடும்பங்களும்

2004 ஆழிப்பேரலையில் உறவினரை இழந்த சென்னைக் கடலோரக் குடும்பங்களைத் தன்னார்வலர்கள் சந்தித்து ஆறுதல் அளித்தனர். இது குறித்து லட்சுமி விஜயகுமார் இணைந்து எழுதிய ஆய்வு 2008 இல் வெளியானது. இவ்வாதரவைப் பெற்றோரிடம், பெறாதோரைவிட மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டது.

மாணவர்கள்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் மாணவர்களும் பெற்றோரும் மிகுதியாக அழைப்பர். தோல்வியுற்றோர் ஓராண்டை இழக்காமல் உடனே மீண்டும் எழுத வாய்ப்பளிக்க வேண்டும் என இவ்வமைப்பு வலியுறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு இத்தகைய துணைத்தேர்வைக் கொண்டுவந்தது. ஒரு தோல்வி முடிவன்று என்பதை அறிவுரையாகக் கூறுவதைவிட, மறுவாய்ப்பாக அளிப்பது பயன் மிக்கது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.