கட்பொட்டின் கதை

குளத்துத் தண்ணீரில் வாழும் பச்சை அல்காக்களில் ஒன்று கிளமிடோமோனசு. ஒரே ஒரு கலம். நூறை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும். மிதமான ஒளியை நோக்கி நீந்தும். ஒளி கடுமையானால் விலகிப் போகும்.

எப்படித் தெரிகிறது? பிள்ளைகளைக் கேட்டால் படத்திலுள்ள செம்மஞ்சள் புள்ளியைக் காட்டுவார்கள். கட்பொட்டு என்ற பெயரைக் கேட்டால் நாமும் அதுதான் கண் என்று நினைப்போம்.

1882 இல் தியோடர் ஏங்கல்மன் என்ற ஜேர்மன் அறிஞர் இதை இயூக்கிளினாவில் சோதித்தார். நீந்தும் கலத்தின் மீது நிழல் விழச் செய்து பார்த்தார். நிழல் புள்ளியைத் தொடுமுன்பே, அதற்கு முன்னாலுள்ள நிறமற்ற பகுதியில் பட்டதும் கலம் திசை மாறியது. அப்படியானால் ஒளியை உணர்வது புள்ளி அல்ல, அதற்கு அருகிலுள்ள வேறொன்று.

கிளமிடோமோனசிலும் இதே கதைதான். புள்ளி ஒரு மறைப்பு. கண்ணாடி போல ஒளியைத் தெறிக்கவும் செய்கிறது. உண்மையான உணரி அதன் மேலுள்ள மென்சவ்வில் இருக்கிறது. கலம் சுழன்று சுழன்று நீந்துவதால் அந்த உணரிக்கு ஒளி கூடிக் கூடிக் குறைகிறது. அதை வைத்தே இரண்டு சவுக்குமுளைகளும் அடிக்கும் விதம் மாறி, கலம் திரும்புகிறது.

அந்த உணரி எது என்று அறிய ஒரு நூற்றாண்டு சென்றது. 1984 இல் கென்னத் ஃபொஸ்டரும் சகாக்களும் ஒளியைத் தேடிப்போக முடியாத 'குருட்டு' அல்காக்களுக்கு ரெட்டினல் கொடுத்தார்கள். அவை மீண்டும் ஒளியை நோக்கித் திரும்பின. ரெட்டினல் என்பது விற்றமின் ஏ சார்ந்த பொருள். நமது கண்ணிலும் இருப்பது அதுதான்.

பீற்றர் ஹேகமன் ஜேர்மனியில் இதைப் பல வருடங்கள் விடாமல் தொடர்ந்தார். 2002 இல் அவரும் ஜோர்ஜ் நாகல், ஏர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோரும் அந்தப் புரதத்தைத் தவளை முட்டைக் கலத்தில் உருவாக்கிப் பார்த்தனர். ஒளி பட்டதும் மென்சவ்வில் ஒரு கதவு திறந்து அயன்கள் பாய்ந்தன. உணரியும் அதுவே, கதவும் அதுவே! 2005 இல் கார்ல் டைசரோத்தின் குழுவினர் இத்தகைய புரதத்தை நரம்புக் கலங்களில் வைத்து, ஒளியால் அவற்றைத் தூண்டிக் காட்டினர்.

2021 இல் வந்த செய்திதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது. விழித்திரை நோயால் பார்வை இழந்த 58 வயது மனிதர் ஒருவரின் ஒரு கண்ணில், அல்காப் புரதத்துக்கான பரம்பரையலகைச் செலுத்தினார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பின், விசேட மூக்குக்கண்ணாடியின் உதவியோடு, மேசையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைக் கண்டு கைநீட்டித் தொட்டார். முழுப் பார்வை அல்ல. முகங்களை அடையாளம் காணும் அளவுக்கும் அல்ல. ஆனால் இருட்டில் இருந்தவருக்கு அது சின்ன விடயமா?

ஏங்கல்மன் மருந்து தேடவில்லை. ஒரு சிற்றுயிர் ஏன் திரும்புகிறது என்று மட்டுமே கேட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி "ஏன்?" என்று கேட்கும்போது, "அது பரீட்சைக்கு வராது" என்ற ஒரு வசனத்தால் நாம் எத்தனை கதவுகளைச் சாத்திவிடுகிறோம் என்று ஆசிரியர்களாகிய நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.